விருந்தாளியின் இலை



குத்துச்சண்டையைப் பற்றி வடசென்னையில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சார்பட்டா பரம்பரை என்றும், இடியப்ப நாயக்கர் பரம்பரை என்றும் தாத்தாமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன மண் இது. எப்படிக் குத்துவது, எப்படி விலகுவது, எப்போது மூச்சை அடக்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வீரனின் கையில் இருப்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவன் கையில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தீர்ப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில், போட்டியை நடத்துகிற நாட்டின் பக்கம் சாய்ந்த தீர்ப்புகள்: இதுதான் இன்றைய பொருள்.

ஓட்டப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. கடிகாரத்துக்குச் சொந்த ஊர் கிடையாது. பளு தூக்குகிறவனுக்கு இரும்பு இருக்கிறது. இரும்பு யாருக்காகவும் எடை குறையாது. குத்துச்சண்டையில் என்ன இருக்கிறது? ஒருவர் விழுந்து எழாமல் போனால் சரி, தீர்ப்பைத் தரையே சொல்லிவிடும். இருவரும் நின்றுகொண்டே மூன்று சுற்றை முடித்துவிட்டால்? அப்போது மிஞ்சுவது வளையத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஐந்து பேரின் கண்கள்தான். பத்து ஆண்டு விடியற்காலை ஓட்டம், பத்து ஆண்டு பட்டினி, பத்து ஆண்டு அம்மாவின் கவலை, எல்லாம் அந்த ஐந்து ஜோடிக் கண்களுக்குள் போய் அடங்க வேண்டும்.

அந்தக் கண்கள் எங்கே பார்த்தன என்று கேட்க வைத்த ஒரு நாள் உண்டு. 1988 அக்டோபர் 2. சியோல் ஒலிம்பிக்கின் கடைசி நாள். லைட் மிடில்வெயிட் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் ஜூனியர், பத்தொன்பது வயதுப் பையன். இன்னொரு பக்கம் போட்டியை நடத்திய தென் கொரியாவின் பார்க் சி ஹுன்.

அந்தச் சண்டையின் படம் இன்றும் கிடைக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். ஏன் அடைக்கச் சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். ஜோன்ஸ் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார், குத்து வருகிறது, அவர் அங்கே இல்லை. திரும்பி வந்து இரண்டு, மூன்று என்று கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டாவது சுற்றில் ரெஃப்ரி சண்டையை நிறுத்தி, பார்க்கை நிற்க வைத்து எட்டு வரை எண்ணுகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் குத்துகளை எண்ணியவர்கள் கொடுத்த கணக்கு இது: ஜோன்ஸின் குத்துகள் விழுந்தது 86. பார்க்கின் குத்துகள் விழுந்தது 32.

எண்பத்தாறு எங்கே, முப்பத்திரண்டு எங்கே! தெருவில் நின்று பார்க்கிற சிறுவன்கூட யார் ஜெயித்தார் என்று சொல்வான் இல்லையா? ஐந்து நடுவர்களில் சோவியத் யூனியனைச் சேர்ந்தவரும் ஹங்கேரியைச் சேர்ந்தவரும் அதைத்தான் சொன்னார்கள். 60-56 என்று ஜோன்ஸுக்குப் போட்டார்கள். பனிப்போர்க் காலத்தில் கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து வந்த இரண்டு பேர் அமெரிக்கன் ஜெயித்தான் என்று எழுதினார்கள். மற்ற மூவரும் பார்க்கின் பெயரை எழுதினார்கள். மூன்றுக்கு இரண்டு. தங்கம் கொரியாவுக்கு.

கையை உயர்த்தும்போது பார்க்கின் முகத்தைக் கவனியுங்கள். அது ஜெயித்தவனின் முகம் அல்ல. சற்று நேரத்தில் அவர் ஜோன்ஸைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறார். அந்த ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டைக்காரருக்கு வழங்கும் வால் பார்க்கர் கோப்பையை ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேறு வேண்டுமா? சிறந்த ஆட்டக்காரன் நீதான், ஆனால் தங்கம் உனக்கில்லை என்றார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு இதை விசாரித்து, நடுவர்கள் லஞ்சம் வாங்கியதற்குச் சான்று இல்லை என்று 1997-இல் முடித்துவிட்டது. தீர்ப்பு இன்றுவரை ஏட்டில் அப்படியேதான் இருக்கிறது.

சரி, பணம் கைமாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் அப்படி நடந்தது?

பார்க்குக்குப் போட்ட மூவரில் ஒருவர் மொராக்கோக்காரர். அவர் பிறகு சொன்னதாக அச்சில் வந்த விளக்கம் ஒன்று உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. அமெரிக்கர் ஜெயித்தது அவருக்கு நன்றாகவே தெரியுமாம். மற்ற நால்வரும் அமெரிக்கருக்குத்தான் போடுவார்கள் என்று நம்பினாராம். ஐந்துக்குப் பூஜ்யம் என்று வந்தால் போட்டியை நடத்துகிற நாட்டுக்குத் தலைகுனிவாகுமே, நாலுக்கு ஒன்று என்று இருக்கட்டுமே என்று கொரியருக்குப் போட்டாராம்.

நண்பர்களே, இந்த விளக்கத்தில் பணப்பெட்டி இல்லை, மிரட்டல் இல்லை. வெறும் மரியாதை இருக்கிறது. சாப்பாடு போட்டவருக்கு, விடுதி கொடுத்தவருக்கு, மாலை போட்டு வரவேற்றவருக்குக் காட்டுகிற மரியாதை. அந்த மரியாதைதான் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் தங்கத்தைத் தின்றது.

விருந்தோம்பலைத் தெரியாதவர்களா நாம்? வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரத்தையே கொடுத்தார். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் இலை போடு, பிறகு நீ உட்கார். நாம் கற்ற விருந்து இது. போட்டியை நடத்துகிற நாடு என்பது யார்? அழைத்த வீட்டுக்காரர். வந்த வீரர்கள் யார்? விருந்தாளிகள். விருந்தாளியின் இலையில் இருப்பதை எடுத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரிமாறுவதற்குப் பெயர் என்ன? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர் வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாது என்று அதற்குத் தலையாட்டுவதற்குப் பெயர் என்ன?

இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. சற்று வேதனையான உரிமை. இருபத்தாறு வயதில், எங்கள் பக்கத்துச் சிறிய போட்டி ஒன்றில், ஆள் குறைகிறது என்று என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன், வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த பையன் ஒருவன். முதல் சுற்று வெளியூர்ப் பையனுக்கு. இரண்டாவது சுற்றும் அவனுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பையன் கையை வீசும்போதெல்லாம், பட்டதோ படவில்லையோ, கொட்டகையே அதிர்ந்தது. வெளியூர்ப் பையனின் குத்து விழுந்தபோது ஒரு சத்தமும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. என் பென்சில் சத்தம் வந்த பக்கம் போனது. எங்கள் பையன் ஜெயித்தான். என்னைத் தோளில் தட்டினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். தோற்ற பையன் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "போயிட்டு வரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அதனால்தான் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள் என்றேன்.

இது என் ஒருவனின் பலவீனம் அல்ல என்று பின்னாளில் ஆராய்ச்சிகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2002-இல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வு. தகுதி பெற்ற நாற்பது கால்பந்து ரெஃப்ரிகளை உட்கார வைத்து, லிவர்பூல் அணி சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டத்திலிருந்து 47 மோதல்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். ஒரே படம், ஒரே மோதல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. பாருங்கள், அவர்கள் மைதானத்தில்கூட இல்லை. ஓர் அறைக்குள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் சத்தம் வேலை செய்தது!

குத்துச்சண்டைக்கே வருவோம். அதே ஆய்வாளர்களில் பால்மர், நெவில் இருவரும், அவர்களோடு லேன் என்பவரும் சேர்ந்து 2005-இல் ஐரோப்பியத் தொழில்முறைப் பட்டப் போட்டிகளை அலசினார்கள். தொழில்முறைச் சண்டைதான், ஆனாலும் பாடம் ஒன்றே. சம பலமுள்ள இருவர் மோதினால் உள்ளூர்க்காரன் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றிருக்க வேண்டும். நாக் அவுட்டில் முடிந்த சண்டைகளில் அது 57 ஆக இருந்தது. ரெஃப்ரி சண்டையை நிறுத்தித் தீர்ப்புச் சொன்னவற்றில் 66. நடுவர்கள் புள்ளி போட்டு முடிவு சொன்னவற்றில் 74.

இந்த மூன்று எண்களையும் மெதுவாக நினைத்துப் பாருங்கள். சொந்த ஊர்க் கூட்டம் வீரனுக்குத் தெம்பு கொடுக்கிறது, அதனால் ஜெயிக்கிறான் என்பார்கள். தெம்பு உண்மைதான். அதற்கான கணக்கு அந்த 57-இல் இருக்கிறது. மனிதனின் கை தீர்ப்புக்குள் நுழைய நுழைய எண் ஏறிக்கொண்டே போகிறதே, அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? வீரனின் தோளிலிருந்தா, நடுவரின் நாற்காலியிலிருந்தா?

கொரியர்களை மட்டும் கூண்டில் ஏற்ற நான் இங்கே வரவில்லை. இந்த நோய்க்கு நாடு கிடையாது. 1924, பாரிஸ் ஒலிம்பிக். லண்டன் போலீஸ்காரர் ஹாரி மாலின், பிரான்சின் ரோஜர் புரூஸ். சண்டை முடிந்ததும் பிரெஞ்சுக்காரர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். மாலினின் மார்பில் பல் பதிந்திருந்தது! ஆம், கடித்திருந்தார். மாலின் காட்டினார். ஸ்வீடனைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் விடாமல் முறையிட்டார். விசாரணை நடந்தது, புரூஸ் விலக்கப்பட்டார், மாலின் கடைசியில் தங்கம் வென்றார். ஆனால் யோசியுங்கள், வேறு நாட்டுக்காரர் ஒருவர் எழுந்து நிற்கவில்லை என்றால் அந்தப் பல் தடத்துக்கு என்ன மதிப்பு?

சியோலிலேயே இன்னொரு கதை உண்டு. கொரிய வீரர் பியுன் ஜுங் இல், பல்கேரியரிடம் தோற்றார். தலையால் முட்டினார் என்று நியூசிலாந்து ரெஃப்ரி இரண்டு முறை புள்ளி கழித்ததுதான் காரணம். கொரிய அதிகாரிகள் வளையத்துக்குள் பாய்ந்து ரெஃப்ரியைத் தாக்கினார்கள். பியுன் வளையத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, 67 நிமிடங்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் நாற்காலியில் ஒரு பையன். அதற்கு நான்கு ஆண்டு முன்னால் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லித் தங்களை ஏமாற்றினார்கள் என்று கொரியர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அங்கே பறித்தார்கள், இங்கே பறிப்போம். அங்கே அவர்கள் வீடு, இங்கே எங்கள் வீடு. வாய்க்கால் தகராறு மாதிரி இது தலைமுறை தலைமுறையாகப் போகும், நண்பர்களே. வெட்டுப்படுவது எப்போதும் அந்தந்தத் தலைமுறையின் பிள்ளைகள்.

மனிதனை நம்ப முடியவில்லையா, இயந்திரத்தைக் கொண்டு வா என்றார்கள். சியோலின் அவமானத்துக்குப் பிறகு வந்ததுதான் 1992 பார்சிலோனாவின் கணினி முறை. ஒவ்வொரு நடுவர் முன்னும் சிவப்புக்கு ஒரு பொத்தான், நீலத்துக்கு ஒரு பொத்தான். ஐவரில் மூவர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. நன்றாகத்தானே இருக்கிறது? என்ன ஆயிற்று தெரியுமா? வயிற்றில் விழுந்த குத்தும், மின்னல் மாதிரி தொடர்ந்து விழுந்த மூன்று நான்கு குத்தும் கணக்கில் ஏறாமல் போயின. தொட்டுவிட்டு ஓடுகிற ஆட்டம் வளர்ந்தது. பொத்தானை அழுத்துவது விரல்தானே? விரல் மனிதனுடையதுதானே? சாய்கிற மனம் பொத்தானை அழுத்தாமலும் சாயும். 2013-இல் அந்த முறையையும் தூக்கிப் போட்டுவிட்டு, சுற்றுக்குப் பத்துப் புள்ளி என்ற முறைக்கு வந்தார்கள்.

வந்து? 2016 ரியோ. உலகச் சாம்பியனாக இருந்த அயர்லாந்தின் மைக்கேல் கான்லன், முகமெல்லாம் ரத்தமாக நின்ற ரஷ்யரிடம் தோற்றதாக அறிவித்தார்கள். அந்த ரஷ்யரோ காயத்தால் அடுத்த சண்டைக்கே வர முடியவில்லை. இருவரில் யாரும் வீட்டுக்காரர் இல்லை, ஆனாலும் தீர்ப்பு சாய்ந்தது. யாருக்கு என்ன கிடைத்தது, சொல்லுங்கள்? ரியோ போட்டியில் பணியாற்றிய நடுவர்கள், ரெஃப்ரிகள் 36 பேரையும் பிறகு ஒதுக்கி வைத்தார்கள். 2021 செப்டம்பரில், இதை விசாரித்த ரிச்சர்ட் மெக்லாரன் கொடுத்த அறிக்கை, பணத்துக்காகவோ சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் நலனுக்காகவோ சண்டைகளின் முடிவைத் திரிக்கும் ஏற்பாடே அங்கே இருந்தது என்றது. எந்தச் சண்டைக்கு எந்த நடுவர் என்று ஒதுக்குகிற இடத்திலேயே அது தொடங்கியது என்றது. சொன்னால் கேட்கிற ஆளைச் சரியான நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், மற்றது தானே நடக்கும். வேலியே பயிரை மேய்ந்தது. அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2019-இல் நிறுத்தி வைத்து, 2023-இல் அடியோடு பறித்தது. இன்று வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் கதைக்கு வருகிறேன். மணிப்பூரின் லைஷ்ராம் சரிதா தேவி. குழந்தை பெற்று, உடம்பைத் திரும்பக் கட்டி, வளையத்துக்கு வந்த தாய். 2014, இஞ்சியோன் ஆசிய விளையாட்டு, அரையிறுதி. மறுபடியும் கொரிய மண், மறுபடியும் ஒரு பார்க். பார்க் ஜி னா. சரிதாவின் குத்துகளில் கொரியப் பெண் தடுமாறியதை அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அந்தச் சண்டையின் நடுவர் மூவரும் பார்க்குக்கே போட்டார்கள்.

முறையிட வேண்டுமா? 500 டாலர் கட்டு என்றார்கள். அந்தப் பணத்தையே அங்கே நின்றவர்களிடம் கைமாற்றாகத் திரட்டிக் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார்கள். பதில் என்ன? நடுவர்களின் முடிவை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று வந்தது. பணத்தை வாங்கிக்கொள்ளக் கதவு திறந்தது, வழக்கைக் கேட்கக் கதவு திறக்கவில்லை.

அக்டோபர் 1, பரிசு மேடை. சரிதா அழுதுகொண்டே நிற்கிறார். வெண்கலத்தைக் கழுத்தில் போட அவர் குனியவில்லை. கையில் வாங்கினார். நேரே பார்க் ஜி னாவிடம் போனார். அந்தப் பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டார். பார்க் திரும்பக் கொடுக்க வந்தார், சரிதா வாங்கவில்லை. பதக்கம் மேடையிலேயே கிடந்தது.

அதற்குத் தண்டனை யாருக்கு? புள்ளி போட்டவர்களுக்கா? சரிதாவுக்கு. ஓராண்டு தடை. அவரே மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டியதாயிற்று. விதியை மீறினார் என்றார்கள். மேடையில் அழுவது விதிமீறல் என்றால், அழ வைத்தது எந்த விதியில் சேரும்?

முறையீட்டுக் கதவு திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2012 லண்டன். ஜப்பானின் ஷிமிசு, அஜர்பைஜான் வீரரை மூன்றாவது சுற்றில் ஆறு முறை கீழே விழ வைத்தார். ரெஃப்ரி ஒரு முறைகூட எண்ணவில்லை. தீர்ப்பு 22-17, விழுந்தவருக்கு! ஜப்பான் முறையிட்டது, தீர்ப்பு கவிழ்ந்தது, ரெஃப்ரியை ஊருக்கு அனுப்பினார்கள். அதே லண்டனில் நம் விகாஸ் கிருஷன், அமெரிக்காவின் எரால் ஸ்பென்ஸை 13-11 என்று வென்றதாக அறிவித்தார்கள். நாம் கொண்டாடிவிட்டுத் தூங்கப் போனோம். அமெரிக்கா முறையிட்டது. மூன்றாவது சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்து நிறுத்தியதைப் படத்தில் பார்த்து, 15-13 என்று ஸ்பென்ஸுக்கு மாற்றினார்கள். அன்று எனக்கு வலித்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கதவு நமக்கு எதிராகத் திறந்தாலும் திறந்தே இருக்க வேண்டும். சரிதாவுக்காகக் கேட்கிறவன் ஸ்பென்ஸுக்காகவும் கேட்க வேண்டும். நம் பிள்ளைக்கு மட்டும் நியாயம் கேட்டால், நானும் அந்தக் கொட்டகைச் சத்தத்தில் ஒரு சத்தம்தான்.

இங்கே இருக்கிற தம்பிகளில் சிலர் நாளை வீரர்களாவீர்கள். சிலர் நடுவர் நாற்காலியில் உட்காருவீர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நடுவர் என்ற சொல்லுக்குள்ளேயே நடு இருக்கிறது. ஊர்க்காரர் கோபிப்பார், டீ வாங்கித் தரமாட்டார், அடுத்த முறை கூப்பிடமாட்டார். பரவாயில்லை. பஸ் ஏறி வந்த பையனுக்கு உங்களைத் தவிர அந்தக் கொட்டகையில் யாரும் இல்லை. சங்கங்களை நடத்துகிற பெரியவர்களிடமும் கேட்கிறேன்: ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் ஒவ்வொரு நடுவரும் போட்ட புள்ளியை அவர் பெயரோடு பலகையில் போடுங்கள். எந்தச் சண்டைக்கு எந்த நடுவர் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். முறையீட்டை, சண்டையில் சம்பந்தப்படாத நாட்டுக்காரர்கள் படம் போட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கடைசியாக மறுபடியும் சியோலுக்குப் போகிறேன். தோற்றவரைப் பற்றி எல்லோரும் பேசினோம். ராய் ஜோன்ஸ் பிறகு தொழில்முறையில் நுழைந்து, மிடில்வெயிட்டிலிருந்து ஹெவிவெயிட் வரை பட்டம் வென்றார். ஜெயித்தவர் என்ன ஆனார்? தங்கம் வாங்கிய அன்றோடு பார்க் சி ஹுனின் சண்டை வாழ்க்கை முடிந்தது. சொந்த நாட்டிலேயே அவரைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, எந்த நடுவருக்கும் சைகை காட்டவில்லை, சண்டை போட்டார், அவ்வளவுதான். வெள்ளி கிடைத்திருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருப்பேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். யாரோ செய்த மரியாதைக்கு அவர் முப்பத்தைந்து ஆண்டு வட்டி கட்டினார்.

2025-இல் ஒரு காணொளி வெளியானது. அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்துப் பென்சகோலாவில், ராய் ஜோன்ஸின் சொந்த ஊரில் 2023-இல் எடுத்தது. பார்க் சி ஹுன் கொரியாவிலிருந்து கிளம்பி அங்கே வந்திருக்கிறார். இந்த முறை அவர் விருந்தாளி, ஜோன்ஸ் வீட்டுக்காரர். பார்க் அந்தத் தங்கப் பதக்கத்தை எடுக்கிறார். இது உங்களுடையது என்று கொடுக்கிறார். ஜோன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். சுற்றிக் கூட்டம் இல்லை, மணி அடிக்கவில்லை, ஐந்து நாற்காலிகளும் இல்லை. அந்த இரண்டு பேர் நிற்கிறார்கள்.